மட்டக்களப்பில மாமாக்கு எடுத்த கழுத்து ஸ்கேன்

லீவுக்கு ஊருக்குப் போற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதுறன். கல்லடி மாமாக்கு வலக்கை கொஞ்ச நேரம் விளங்காம, கதையும் குழறி, மறுகா தானாச் சரியாப் போயிட்டு. வீட்டில எல்லாரும் வெயில்ல நிண்டதுதான் எண்டுட்டாங்க. டொக்டர் கேட்ட உடனே கழுத்துக்கு டொப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பாக்கிற அல்ட்ராசவுண்ட்) எழுதிட்டார், ஏனெண்டா கழுத்தால மூளைக்கு ரத்தம் கொண்டு போற இடப்பக்க கரொட்டிட் குழாயில படிஞ்ச கொழுப்பில ஒரு துணுக்கு கழண்டு மூளைக்குப் போனா அடிபடுறது வலப்பக்கக் கைகால்தான்.

தனியார் இடமொண்டில எடுத்தம். நம்பர்ப்படி கூப்பிட்டாங்க, வெள்ளனப் போனா சனம் குறைவு, பேச்சும் மரியாதை. ஜெல் பூசி தலையை மற்றப் பக்கம் திருப்பச் சொன்னாங்க, ரத்தம் ஓடுற சத்தம் கேட்டுட்டு மாமா "என்ட கழுத்துக்குள்ளயா மனே இவ்வளவு இரைச்சல்?" எண்டார்.

ஆனா ரிப்போர்ட் ஒரே வரி. 50-69 வீத அடைப்பு, முடிஞ்சுது. அடைப்பால ஒடுங்கின இடத்தில ரத்தம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றருக்கு மேல பாஞ்சா 50 வீதத்துக்கு மேல, 230ஐத் தாண்டினா 70க்கு மேல எண்டு ஒரு கணக்கு இருக்கு, அதை வச்சுப் போடுறது. சரிதான், படிவு எப்பிடிப்பட்டது எண்டு ஒரு சொல்லுமில்ல, காசு வாங்கிற இடம் அதையும் எழுதத்தானே வேணும்.

அரசாங்க ஆசுபத்திரி டொக்டர் (அங்க சல்லிக் காசில்ல) முதல்ல கேட்டதே அதைத்தான், ஸ்கிரீன்ல கறுப்பாத் தெரிஞ்சுதா, வெள்ளையாத் தெரிஞ்சுதா எண்டு. கறுப்பெண்டா அனேகமா கொழுப்பு, இல்லாட்டி உள்ளுக்க கசிஞ்ச ரத்தம், மேல மூடி பாலாடை மாதிரி மெல்லிசா இருந்தா டக்கெண்டு வெடிச்சிரும், அடைப்பு பெரிசா இல்லாட்டியும் ஆபத்து. வெள்ளையாத் தெரிஞ்சு அதுக்குப் பின்னால கறுப்பு நிழல் விழுந்தா கல்சியம், அது அவ்வளவு லேசா உடையாது. உள்ளுக்க ரத்தம் கசிஞ்சிருக்கா எண்டு பாக்க எம்ஆர்ஐதான் திறம், சீற்றி அஞ்சியோகிராம் (மருந்து ஏத்தி ரத்தக் குழாயைப் பாக்கிற சீற்றி ஸ்கேன்) அடைப்பையும் படிவில இருக்கிற புண்ணையும் காட்டும், ஆனா கல்சியம் கூடினா அடைப்பைப் பெருப்பிச்சுக் காட்டிரும் எண்டார். மாமாக்கு சீனி வருத்தம், அயடின் மருந்து ஏத்திறதால முதல்ல கிரியற்றினின் (கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற ரத்தச் சோதனை) பாத்துட்டுத்தான் சீற்றி. ஒப்பரேசன் தேவையெண்டா அறிகுறி வந்து 2 கிழமைக்குள்ள செய்யிறதுதான் நல்லமாம், அதால ஆறுதலாப் பாப்பம் எண்டு இருந்திராதீங்க.

ஸ்கேன் எடுத்தா பேப்பரை மட்டும் வாங்கிட்டு வராம படமுள்ள சீடியையும் கேட்டு வாங்குங்க, கேக்காட்டித் தரமாட்டாங்க, கொழும்புக்கு அனுப்பினா அங்க முதல்ல கேக்கிறது அதைத்தான்.