ட்ராக் காருக்கு ஸ்பிரிங் மாற்றப் போகிறீர்களா? 68,000 ரூபாய் விட்டவன் சொல்கிறேன்

ஏமாந்துபோனது நேற்று சாயங்காலம்தான் உறுதியானது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. சென்னையில் கார் ட்யூனிங் செய்யும் ஒரு கடை, இன்ஸ்டாவில் தினமும் படம் போடும் வகை, அது போதும். ட்ராக் காருக்கு ஸ்பிரிங் எவ்வளவு ஸ்டிஃபாக, அதாவது விறைப்பாக வேண்டும், எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2016 போலோ ஜிடி. வாரநாளில் ஆபீஸ், வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். கம்பெனி ஸ்பிரிங்கில் வளைவுகளில் வண்டி பரிசல் மாதிரி சாயும். அதைக் குறைக்கத்தான் போனேன்.

அந்த ஆளை ஏன் நம்பினேன் தெரியுமா? "உங்க வெயிட் எவ்வளவு சார்?" என்று கேட்டார். 82 என்றேன். பில் புத்தகத்தின் பின்பக்கம் 82 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதற்குக் கீழேயே கணக்கு: முன்சக்கரம் ஒன்றுக்கு ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 300 கிலோ, மில்லிமீட்டருக்கு 6 கிலோ ஸ்பிரிங் (ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ எடை வேண்டும்) போட்டால் வண்டி விநாடிக்கு இரண்டு தடவைக்குக் கொஞ்சம் மேல் ஆடும், ஆபீசுக்கும் போகலாம், ட்ராக்கிலும் ஓட்டலாம். அந்தக் கணக்கில் இப்போதும் நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கும் அதேதான் வந்தது. ஓட்டுகிறவன் எடையைக் கேட்கிற கடைக்காரர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? ஸ்பிரிங், ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய், நின்ற இடத்திலேயே ஜிபே செய்தேன்.

பில்லில் "சஸ்பென்ஷன் கிட் - 1" என்று மட்டும் இருந்தது. பேர் சொல்லும் கம்பெனி ஸ்பிரிங் என்றால் நீளம், உள்விட்டம், விறைப்பு மூன்றும் மேலேயே அச்சிட்டிருக்கும். இதில் சிவப்புப் பெயின்ட்தான் பளபளத்தது. கேட்டேன். "பவுடர் கோட்டிங்ல மறைஞ்சிடுச்சு சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து ட்ராக். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு திரும்பாமல் வெளியே போகிறது. வளைவை விட்டு வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்பக்க முன்டயர் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. ட்ராக் ஓரத்து மேடான கெர்ப்பில் ஏறினால் வண்டி தவளைதான். ஷாக்கால் அந்த ஸ்பிரிங்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை, அமுங்கியது திரும்பும்போது தூக்கி அடித்தது. கம்பெனி ஸ்பிரிங்கில் ஓட்டியதைவிட லேப்புக்கு மூன்று விநாடி அதிகம்! 68,000 கொடுத்து வண்டியை மெதுவாக்கியிருக்கிறேன்.

போன் செய்தேன். "500 கிலோமீட்டர் ஓட்டுங்க சார், செட் ஆயிடும்." ஓட்டினேன். ஓட்ட ஓட்ட உயரம் கொஞ்சம் இறங்கும், விறைப்பு எங்கே குறையும்? அடுத்து டயர் பிரஷர் என்றார். அப்புறம் அலைன்மென்ட், அதற்கு எனக்கு இன்னொரு செலவு. கடைசியில், "ரேஸ் காருன்னா அப்படித்தான் சார் அடிக்கும், நீங்க பழகணும்." பிறகு ப்ளூ டிக் மட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நண்பனின் பட்டறையில் ஹைட்ராலிக் ப்ரெஸ்ஸும் எடை காட்டும் லோடு செல்லும் இருக்கின்றன. நேற்று முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிக் கொண்டுபோனோம். 25 மி.மீ. அமுக்கினால் 150 கிலோ காட்ட வேண்டும். இடதுபக்க ஸ்பிரிங் 248 காட்டியது. நண்பன் ஒன்றும் பேசாமல் அழுத்தத்தை விட்டு, சைபருக்குக் கொண்டுவந்து, மறுபடி அமுக்கினான். 248. வலதுபக்கம் 221. ஆறு என்று சொல்லி விற்றது ஒன்று கிட்டத்தட்ட பத்து, இன்னொன்று ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே. ஜோடிகூட இல்லை! கம்பி 11 மி.மீ.க்குப் பதில் 12 ஆனாலே, மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். கையில் கிடைத்ததை எடுத்துப் பெயின்ட் அடித்துப் போட்டிருக்கிறார்கள், வேறென்ன.

வீடியோவை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "எங்க மெஷின்ல ஆறுதான் சார் காட்டுச்சு." மெஷினைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "அது கோயம்புத்தூர்ல இருக்கு." பணத்தைத் திருப்பித் தர முடியாதாம், "யூஸ் பண்ணிட்டீங்களே சார்". 68,000 ரூபாய்!

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள். பில்லில் ஸ்பிரிங் விறைப்பு முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று அலகோடு எழுதி வாங்குங்கள். மில்லிமீட்டருக்கு 6 கிலோ என்பது 59 நியூட்டன். மாட்டுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு ப்ரெஸ்ஸில் வைத்து நான்கையும் அமுக்கிப் பாருங்கள். போலோ மாதிரி முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்பக்கம் அளவுக்கு மீறி ஸ்டிஃப் வேண்டாம். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். நான் என்னுடையதை "இங்கேயே வச்சிருக்கேன் சார், டிக்கி எதுக்கு அழுக்காகணும்" என்றதை நம்பி விட்டுவிட்டு வந்தேன். இன்று காலை கேட்டால் போன வாரமே காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.