வெட்சூட்டா ட்ரைசூட்டா? குளிர் கடல்ல கேமராவோட இறங்கறவங்களுக்கு

கலிஃபோர்னியா மான்டரே பக்கம் கடல் தண்ணி பெரும்பாலும் 10லேர்ந்து 15 டிகிரி செல்சியஸ்தான், அதனால கேமராவுக்கு முன்னாடி போட்டுக்கற டைவிங் சூட்டைப் பத்தி யோசிக்கணும். வெட்சூட்னா உடம்ப ஒட்டி இருக்கற ரப்பர் சூட், உள்ள கொஞ்சம் தண்ணி வரும். 7 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட் விலை கம்மி, அதப் போட்டுட்டு கெல்ப்ங்கற ராட்சத கடல்பாசிக் காட்டுக்குள்ள சீல் பின்னாடி நீந்திட்டே இருந்தா ஓரளவு தாங்கும். ஆனா போட்டோ எடுக்கறவன் எங்கங்க நீந்தறான்? சுண்டுவிரல் நகம் அளவு நியூடிப்ராங்க், அதான் ஓடு இல்லாத கடல் நத்தை, அதோட கொம்பு ஃபோகஸ் ஆகுதான்னு ஒரே பாறை முன்னாடி 20 நிமிஷம் தொங்கிட்டு இருப்போம், ஆழம் போகப் போக வெட்சூட்டோட நியோப்ரீன் ரப்பர் வேற அழுங்கி மெலிசாயிடும், பல்லு தந்தியடிக்கும், கை நடுக்கத்துல மேக்ரோ, அதான் குட்டி உயிர்கள ரொம்ப கிட்டக்க எடுக்கற போட்டோ, கோவிந்தா.

ட்ரைசூட்ல தண்ணி உள்ள வராது, உள்ள கம்பளி மாதிரி கனமா போட்டுக்கலாம். விலைதான் பல மடங்கு, கழுத்து ரப்பர் கிழிஞ்சா தனி செலவு, ட்ரெயினிங்கும் வேணும், ஏன்னா உள்ள இருக்கற காத்து காலுக்குப் போயிட்டா தலைகீழா மேல இழுத்துட்டுப் போயிடும். நான் மேக்ரோ பைத்தியம், என் ஓட்டு ட்ரைசூட்டுக்குத்தான். வைட் ஆங்கிள்ல, அதாவது அகலமான காட்சியா, சீல் எடுக்கறவங்க முதல் வருஷத்த வெட்சூட்லயே ஓட்டலாம். எதுன்னாலும் தடி க்ளவுஸோட ஷட்டர் பட்டன் தட்டுப்படுதான்னு கரையிலயே அமுக்கிப் பாத்துடுங்க.