மட்டம் நிற்காத பாய்லர்: எலக்ட்ரோடா, டிரான்ஸ்மிட்டரா, ராடாரா?

பிசானம் அறுவடை முடிந்து நெல் குவியும் மாசி, பங்குனியில்தான் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து நெல் அவிக்கும் மில்களிலிருந்து இந்த போன் அதிகம் வரும்: "அண்ணாச்சி, பாய்லர்ல தண்ணி மட்டம் நிக்க மாட்டேங்கு. கன்ட்ரோலர மாத்திரலாமா?" அதோடு ஒட்டி இன்னொரு கேள்வியும் வரும். பழைய எலக்ட்ரோடு ரிலேயே போதுமா, டிரான்ஸ்மிட்டர் (மட்டத்தை மின் சிக்னலாக அனுப்பும் கருவி) வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும் பி.ஐ.டி. கன்ட்ரோலருக்குப் போகலாமா, இல்லை தண்ணீரைத் தொடாமலே அளக்கும் ராடார் வாங்கலாமா?

விற்பவர் தரும் பட்டியலில் துல்லியம், விலை, வாரண்டி எல்லாம் இருக்கும். நான் பார்ப்பது வேறு இரண்டு. கெட்டுப் போகும்போது அது எந்தப் பக்கமாகக் கெடுகிறது? ராத்திரி ஷிப்டில் இருக்கிற ஆள், ஒரு மல்டிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா? மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சர்வீஸ் ஆள் வந்து சேர்வதற்குள் ஊறப்போட்ட நெல் புளித்துவிடும்.

கம்பியும் மிதவையும்

எலக்ட்ரோடு முறையில் தொட்டிக்குள் மூன்று எவர்சில்வர் கம்பிகள் தொங்கும். நீளமானது பொதுக் கம்பி. நடுக்கம்பியை விட்டுத் தண்ணீர் இறங்கினால் பம்ப் ஓடும், குட்டைக் கம்பியைத் தொட்டால் நிற்கும். தண்ணீர் வழியாகப் பாயும் சிறிய ஏ.சி. மின்னோட்டத்தை ரிலே கவனிக்கிறது. டி.சி. கொடுத்தால் கம்பி அரித்துப்போகும்.

இதற்கு நோய் தண்ணீரிலிருந்தே வரும். ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் மில்லில் பெரிய தொந்தரவு இருக்காது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் கம்பி மேல் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். பொருக்கு கட்டினால் மின்சாரம் பாயாது, தண்ணீர் இருந்தும் இல்லை என்று ரிலே நினைக்கும். மேல்நிலைத் தொட்டியில் அது நடந்தால் நிரம்பி வழியும். பாய்லரின் லோ வாட்டர் டிரிப்பில் (தண்ணீர் ரொம்பக் குறைந்தால் அடுப்பை நிறுத்தும் காவல்) நடந்தால் அடுப்புக்கு உமி தள்ளும் ஃபீடரும் ஃபேனும் நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கம்பி ஏறும் இன்சுலேட்டரில் ஈரமும் உப்பும் சேர்ந்து பாலம் போட்டுவிட்டால், தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். பேனலில் புரோப் (கம்பி) டெர்மினல்களைப் பொதுக் கம்பி டெர்மினலோடு ஒரு வயரால் சேர்த்துப் பாருங்கள். ரிலே 'டக்'கென்று அடித்தால் பேனல் நல்லது, கோளாறு கம்பியிலோ கேபிளிலோ இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர், நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீர் இரண்டிலும் உப்பு குறைவு. அங்கே ரிலேயில் உள்ள சென்சிட்டிவிட்டி திருகைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். பாய்லரின் லோ வாட்டர் டிரிப்பில் இந்தச் சோதனையை அடுப்பு எரியும்போது செய்யக் கூடாது. "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று சொல்லி அந்த வயரை நிரந்தரமாகவே போட்டு வைத்திருக்கும் பேனல்களும் உண்டு. அந்த பாய்லர் பக்கம் நான் நிற்கவே மாட்டேன்.

உப்புத் தண்ணீருக்கு மிதவை மேல். பாய்லர்க்காரர்கள் 'மோப்ரே' என்று சொல்லும் காந்த மிதவை சுவிட்ச் உப்பைப் பற்றிக் கவலைப்படாது. அதற்கு எதிரி சேறு. மிதவை இருக்கும் சேம்பருக்குள் சேறு தங்கினால் மிதவை ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், மட்டம் இறங்கினாலும் அது இறங்காது. தினம் ஒரு முறை சேம்பரை டிரெயின் செய்தால் முதலில் பம்ப் ஓட வேண்டும், அதற்கும் கீழே போனால் டிரிப் அடிக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த இரண்டு முறையிலும் மட்டம் இரண்டு குறிகளுக்கு நடுவே ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதன் இயல்பே அது. அதைக் கோளாறு என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் உண்டு.

டி.பி. டிரான்ஸ்மிட்டரும் பி.ஐ.டி.யும்

டி.பி. என்றால் டிஃபரன்ஷியல் பிரஷர், இரண்டு பக்க அழுத்தத்தின் வித்தியாசம். மட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்துவதற்கு இதுதான் வழி. கோளாறு ஒளிந்துகொள்ள அதிக இடம் இருப்பதும் இதில்தான். டிரான்ஸ்மிட்டர், அதற்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் இம்பல்ஸ் குழாய், கேபிள், கன்ட்ரோலர், வால்வை அசைக்கும் காற்று, வால்வு என்று ஆறு இடம். பழி மட்டும் பெரும்பாலும் கன்ட்ரோலர் மேல் விழும், ஏனென்றால் எண் தெரிவது அதில்தான். ஆறில் கெடுவது அபூர்வம் என்றால் அதுவும் அந்தக் கன்ட்ரோலர்தான்.

ஆகவே அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் கேஜ் கிளாஸ், பாய்லரில் மட்டம் தெரியும் கண்ணாடி. அதன் காக் (சின்ன வால்வு) அடைத்திருந்தால் அதுவும் பொய் சொல்லும், அதனால் ஒரு முறை ப்ளோ செய்து (ஊதிவிட்டு) பாருங்கள். மட்டம் பார்க்க இரண்டு சாதனம் வேண்டும் என்று 1950 ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் கேட்பது சும்மா இல்லை. கண்ணாடியும் டிஸ்பிளேவும் ஒத்துப்போனால் அளவு சரி, வால்வுப் பக்கம் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் மீட்டரை டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் சுற்றில் (லூப்பில்) தொடராக வைத்து மில்லி ஆம்பியர் பாருங்கள். 4 என்றால் காலி, 12 என்றால் பாதி, 20 என்றால் முழுசு. மீட்டர் 12 காட்டும்போது டிஸ்பிளே 70 சதவீதம் காட்டினால் கன்ட்ரோலரின் ரேஞ்சை யாரோ மாற்றியிருக்கிறார்கள். சுத்தமாக 0 வந்தால் வயர் அறுந்திருக்கும் அல்லது 24 வோல்ட் சப்ளை போயிருக்கும். 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ நின்றால் டிரான்ஸ்மிட்டரே "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடியில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறதா? இந்த முறையின் மோசமான குணம் இதுதான். பாய்லர் டிரம்மில் (தண்ணீரும் நீராவியும் இருக்கும் உருளை) ஒரு பக்கக் குழாய் எப்போதும் தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டும், வெட் லெக் என்பார்கள். அந்த நிரந்தர உயரத்துக்கும் டிரம்மின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டிரான்ஸ்மிட்டர் அளக்கிறது. வெட் லெக்கில் தண்ணீர் குறைந்தால் வித்தியாசம் சுருங்கும், மட்டம் ஏறியதாகத் தெரியும், கன்ட்ரோலர் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து ஃபீட் வால்வை மூடும். டிரம் காய ஆரம்பிக்கும். பிட்டிங்கில் ஒரு சின்னக் கசிவு போதும். டிரான்ஸ்மிட்டரின் வால்வுத் தொகுதியான மேனிஃபோல்டில், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசர் வால்வு கசிந்தாலும் இதே கதை. ஸீரோ பார்க்கிறேன் என்று ஐசொலேஷன் வால்வை மூடாமல் ஈக்வலைசரைத் திறந்தால் வெட் லெக் தண்ணீர் டிரம்முக்குள் வடிந்துவிடும், இல்லாத கோளாறு புதிதாகப் பிறக்கும்.

அளவு சரி, ஆனாலும் ஹன்டிங் (மட்டம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பது) என்றால் கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, வழக்கமான திறப்பில் வால்வை நிறுத்திப் பாருங்கள். மட்டம் மெதுவாக ஒரு பக்கம் நகரலாம், அது கணக்கில் இல்லை. அதே பழைய ஆட்டம் தொடர்ந்தால் காரணம் வெளியே, ஃபீட் பம்ப் பிரஷரிலோ நீராவி எடுக்கும் விதத்திலோ இருக்கிறது. ஆட்டம் நின்றால் வால்வு அல்லது ட்யூனிங் (கன்ட்ரோலரின் பி.ஐ.டி. எண்கள்). அவுட்புட்டை ஒரு சதவீதம், இரண்டு சதவீதமாக ஏற்றி வால்வுத் தண்டைப் பாருங்கள். அசையாமல் நின்று பிறகு திடீரென்று குதித்தால் வால்வு ஒட்டுகிறது. கிளாண்டை (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பகுதி) இறுக்கியிருப்பார்கள், அல்லது காற்றில் ஈரம் வந்திருக்கும். ஒட்டுகிற வால்வை எந்த ட்யூனிங்காலும் சரிசெய்ய முடியாது.

வால்வும் நல்லது என்றால்தான் பி.ஐ.டி. எண்களைத் தொட வேண்டும். காலைப் பேப்பரில் பாபநாசம் அணையின் மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. 143 அடி அணையில் மழை விட்டு வரத்து குறைந்தாலும், வெளியேற்றத்தைவிட வரத்து துளி கூடுதலாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். டிரம்மும் அப்படியே வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். அதன் மேல் கன்ட்ரோலரின் இன்டெக்ரலும் (மிச்சமிருக்கும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) சேர்த்துக்கொண்டே போனால் இரண்டும் மாறி மாறி வரம்பு தாண்டும். நிமிஷக்கணக்கில் மெதுவாக அலையும் ஹன்டிங்கின் வேர் பெரும்பாலும் இதுதான். ஆட்டத்தைக் கண்டவுடன் கெயினை (பிழைக்கு எவ்வளவு பலமாகப் பதில் தருவது என்ற எண்) குறைப்பதுதான் எல்லோருக்கும் கை போகும் வழி. இங்கே கெயினைக் குறைத்தால் அலை இன்னும் பெரிதாகும். கெயினை விட்டுவிட்டு இன்டெக்ரல் நேரத்தைக் கூட்டுங்கள். டெரிவேட்டிவ் (மாற்றத்தின் வேகத்துக்குப் பதில் தரும் பகுதி) பூஜ்யமாகவே இருக்கட்டும், கொதிக்கிற தண்ணீரின் சலசலப்பை அது பெரிதாக்கும். மெனுவில் கெயினுக்குப் பதில் புரப்போர்ஷனல் பேண்ட் இருந்தால் கணக்கு தலைகீழ். பேண்ட் 50 சதவீதம் என்றால் கெயின் 2, 200 என்றால் அரை.

அவித்தல் தொட்டிக்கு நீராவியைப் படாரென்று திறக்கும் மில்லில் இத்தனையும் செய்தாலும் மட்டம் துள்ளும். பிரஷர் சட்டென்று இறங்க, தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் உப்பி மட்டம் ஏறியதுபோல் தெரியும். உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோலர் வால்வை மூடும். பெரிய ஆலைகளில் நீராவி ஓட்டத்தையும் ஃபீட் ஓட்டத்தையும் சேர்த்து அளந்து மூன்று எலிமென்ட் கன்ட்ரோல் வைப்பது இதற்காகத்தான். சின்ன உமி பாய்லருக்கு அது வீண் செலவு. வால்வைத் திறப்பவரிடம் மெதுவாகத் திறக்கச் சொன்னாலே பாதி சரியாகும்.

தொடாமல் அளப்பவை

அல்ட்ராசானிக்கும் ராடாரும் திறந்த தொட்டிகளுக்கு. அல்ட்ராசானிக் ஒலியை நம்புகிறது. 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, ஒரு டிகிரி சூட்டுக்கு 0.6 மீட்டர் வேகம் கூடும். ஆவி பறக்கும் ஊறல் தொட்டியில் அதன் கணக்கு தடுமாறும், சென்சார் முகத்தில் நீர்த்துளி கோத்தால் எதிரொலியே வராது. ராடாருக்கு ஆவி பெரிய விஷயமில்லை. 80 கிகாஹெர்ட்ஸ் வகை குறுகிய கதிர் என்பதால் ஏணியிலும் குழாயிலும் மோதி ஏமாறுவதும் குறைவு. இரண்டுக்கும் பொதுவான எதிரி சிலந்திக் கூடும் குளவிக் கூடும். இது மேனுவலில் பெரும்பாலும் இருக்காது.

இவை கெடும் விதம் எனக்குப் பிடிக்காது. எதிரொலி தொலைந்தால் சில கருவிகள் கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் மட்டம் அருமையாக நிற்பதுபோல் இருக்கும். வாங்கிய அன்றே அந்த செட்டிங்கை மாற்றி, எதிரொலி போனால் பம்ப் நிற்கும்படி வைக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் ஆளுக்கு அதற்கு மேல் இதில் செய்வதற்கு எதுவும் இல்லை, துடைப்பதைத் தவிர.

எதை எங்கே

ஆற்றுத் தண்ணீர்த் தொட்டிக்கு எலக்ட்ரோடு, யோசிக்கவே வேண்டாம். தெற்கே உப்புத் தண்ணீருக்கு மிதவை. ஊறல் தொட்டியில் காசு போடத் தயார் என்றால் ராடார், அல்ட்ராசானிக் வேண்டாம். ஒரு ஷிப்ட் ஓடும் சின்ன உமி பாய்லருக்கு மோப்ரேயும் அதனோடு சேராத தனி எலக்ட்ரோடு டிரிப்பும் போதும். இரவு பகலாக ஓடும் பெரிய பாய்லருக்கு டி.பி.யும் பி.ஐ.டி.யும் வையுங்கள், ஆனால் லோ வாட்டர் டிரிப்பை அந்தக் கன்ட்ரோலர் வழியாகக் கொண்டுபோகாதீர்கள். வெட் லெக் பொய் சொல்லும் நாளில் கன்ட்ரோலரும் அந்தப் பொய்யையே நம்பும், தனி மிதவை நம்பாது.

ஏற்கெனவே பி.ஐ.டி. இருந்து ஆடுகிறது என்றால் புதுசு வாங்கும் காசில் காற்று லைனுக்கு ஒரு நல்ல ஃபில்டர், ஒரு செட் கிளாண்ட் பாக்கிங், ஐப்பசி இடிக்கு முன்னால் சிக்னல் கேபிளுக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டர் வாங்கிப் போடுங்கள். கேபிளின் ஷீல்டை (உள்ளே இருக்கும் உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.