யமஹா ஒய்இசட்85-க்கு 13 பல் முன் ஸ்பிராக்கெட்: வாங்கலாமா?

ஒய்இசட்85 ஒரு குட்டி மோட்டோகிராஸ் பைக். கம்பெனியிலிருந்து வரும்போது அதன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) முன்னால் 14 பல், பின்னால் 47, செயின் 428 சைஸ். இந்தக் குட்டி டூ-ஸ்ட்ரோக்குக்கு மேல் ஆர்பிஎம்மில்தான் உயிர். இறுக்கமான வளைவில் இரண்டாவது கியர் திணறி, கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருந்தால் 13 பல்தான் மலிவான மருந்து. விகிதம் (பின் பல்லை முன் பல்லால் வகுத்தது) 3.36-லிருந்து 3.62 ஆகும்; இழுவை கூடும், அதே ஆர்பிஎம்மில் வேகம் 7 சதவீதம் குறையும். நீண்ட நேர்ப்பாதை உள்ள டிராக்கில் இது வீண்.

பின்னால் 50 போட்டாலும் விகிதம் 3.57, ஏறக்குறைய அதே பலன். ஆனால் பின்சக்கர ஆக்சில் சுமார் 9.5 மி.மீ. முன்னால் வர வேண்டும். செயின் அட்ஜஸ்டரில் இடமில்லையென்றால் புது செயின் செலவு. முன்னால் ஒரு பல் குறைத்தால் ஆக்சில் 3 மி.மீ. பின்னால் போகும், பழைய செயினே போதும்.

குறையும் உண்டு: சிறிய ஸ்பிராக்கெட்டில் செயின் அதிகம் வளையும், ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் உரசும் ரப்பரையும் சீக்கிரம் தின்னும். முன் ஸ்பிராக்கெட்டை ஸ்டீலிலேயே வாங்குங்கள். பின்னால் அலுமினியம் எடை குறைவுதான், மணலில் பல் சீக்கிரம் கூராகிவிடும். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் மாட்டினால் இரண்டும் வீண்.

மாட்டும்போது செயின் லாக்கின் (செயினை இணைக்கும் கிளிப்) மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட் போல்ட்டுகளுக்கு லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) தடவி, எதிரெதிராக முறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஒரு பிடி.