பெரிய பெயரா, தெளிவான லேபிளா?

இன்ஜின் எண்ணெய் வாங்கப் போகிறீர்கள். ஒரு பக்கம் எல்லோரும் அறிந்த பிராண்டு; டப்பாவின் முன்னால் ‘முழு சிந்தெடிக்’ (செயற்கை எண்ணெய்), ‘உச்சப் பாதுகாப்பு’. மறுபக்கம் அதிகம் கேள்விப்படாத பெயர். பின்னால் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வட்ட முத்திரை, மேல்வளைவில் எஸ்பி என்ற தரக்குறி, நடுவில் எஸ்ஏஇ 5டபிள்யூ-30 என்ற பாகுநிலை எண்.

‘சிந்தெடிக்’ என்ற சொல்லை வைத்து அடிப்படை எண்ணெய் எது என்று சொல்லவே முடியாது. காஸ்ட்ரால் மீது மொபில் கொடுத்த புகாரில், கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 வகை அடிப்படை எண்ணெயையும் அப்படி அழைக்கலாம் என்று அமெரிக்க விளம்பரத் தீர்ப்பமைப்பு 1999-இல் சொல்லிவிட்டது. முத்திரை அப்படியல்ல. எஸ்பி என்றால் டைமிங் செயின் தேய்மானம் உள்படக் குறிப்பிட்ட இன்ஜின் சோதனைகள் உண்டு. உரிமம் உண்மையா என்று ஏபிஐ பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

பெரிய பிராண்டிலும் வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள். ‘எம்பி-அப்ரூவல் 229.5’ என்றால் கார் நிறுவனமான மெர்சிடிஸ்-பென்ஸே (எம்பி) தந்த ஒப்புதல். ‘எம்பி 229.5-க்கு ஏற்றது’ என்பது விற்பவரின் கூற்று மட்டுமே. இந்த வித்தியாசத்தை மங்கலாக்கி எழுதுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

பெயர் தெரியாத டப்பாவில் எஸ்ஏ என்ற பழைய ஏபிஐ தரக்குறி மட்டும் இருந்தால் தொடவே வேண்டாம்: அதில் சேர்மானங்கள் கிடையாது, 1930-க்குப் பிந்தைய பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஆகாது. எண்ணெயிலேயே கிளட்ச் ஓடும் பைக்குக்கு ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 குறி வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கலாம்.

முத்திரை இருவரிடமும் இருந்தால் பெரிய பிராண்டை எடுக்கலாம். ஆனால் போலிகள் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் வரும். மூடி சீலையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள்.