ஹெவி ராட் வாங்குகிறவர்களே, ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

பாஸ் மீனுக்கு ஜிக் (எடைத் தலையோடு தூண்டில் முள் சேர்ந்த செயற்கை இரை) போடவும் பெரிய ஸ்விம்பெயிட் (மீன் வடிவச் செயற்கை இரை) வீசவும் ஒரே தூண்டில் ராட் கிடைக்குமா என்று கேட்டுத்தான் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் யோசிக்கவே இல்லை. 7 அடி 4 அங்குல ராட் ஒன்றை எடுத்து நீட்டி, "இது ஹெவி சார். எதைக் கட்டினாலும் தாங்கும்" என்றார். 85 கிராம் பெயிட் வீசலாமா என்று குறிப்பாகக் கேட்டேன். "தாராளமா" என்றார். கைப்பிடிக்குச் சற்று மேலே 'ஹெவி' என்று கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நம்பி வாங்கினேன்.

முதல் சில நாள் 14 கிராம் ஜிக்கோடு போனேன். பாசி அடர்ந்த இடத்தில் கடி நன்றாகவே தெரிந்தது. ஆனால் இழுத்துக் குத்தினால் மீன் நிற்கவில்லை. ஜிக்கின் முள் தடித்த கம்பியில் செய்தது, அதன் முன்னால் பாசி சிக்காமலிருக்க விறைப்பான நார்க்கற்றை வேறு. அந்த நாரை மடக்கி, முள்ளை மீனின் தாடையில் இறக்க ராடின் நடுப்பகுதியில் விறைப்பு வேண்டும். இந்த ராடோ பாதி வரை வளைந்து என் பலத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. என் கைதான் பழகவில்லை என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன்.

அப்புறம் 85 கிராம் ஸ்விம்பெயிட்டைக் கட்டினேன். மூன்றாவது வீச்சில் ராட் முறிந்தது. பெயிட் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு தண்ணீரில் போய் விழுந்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் தயாரிப்பாளர் அச்சிட்டிருந்த எழுத்து பளிச்சென்று இருந்தது: மீடியம் ஹெவி, லூர் (செயற்கை இரை) எடை 10 முதல் 28 கிராம். நான் கட்டியது அதன் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கு! கடைக்குக் கொண்டுபோனால், "அளவுக்கு மீறி எடை போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்றார்கள். எந்த எண்ணை மறைத்து விற்றார்களோ, அதே எண்ணைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். 'ஹெவி' என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவரின் ஹெவி இன்னொருவரின் மீடியம் ஹெவியாக இருக்கலாம். அந்தச் சொல்லை விடுங்கள், லூர் எடை எண்ணைப் பாருங்கள். பல ராடுகளில் அது அவுன்ஸில் இருக்கும். 1 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 28 கிராம். ஜிக்கின் எடையோடு அதில் செருகும் ரப்பர் வாலின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். 21 கிராம் ஜிக் வாலோடு 28-ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஒரே ராடில் இரண்டு வேலையும் என்ற என் ஆசையே தவறான இடத்தில் தொடங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜிக்குக்கு நுனி மட்டும் வளைந்து கீழே விறைப்பாக நிற்கும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் வேண்டும். 85 கிராம் பெயிட்டுக்கு அந்த எடையை எண்ணில் அனுமதிக்கும் நீளமான ராட், அதுவும் நடுப்பகுதி வரை சேர்ந்து வளையும் மாடரேட் ஃபாஸ்ட். அப்போதுதான் வீச்சின் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவும். மும்முனை முள் மாட்டிய மீன் துள்ளும்போதும் அந்த வளைவுதான் முள் கழன்றுவிடாமல் காக்கும்.

கடையில் நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்க்காதீர்கள், நல்ல ராடும் அப்படி ஒடியும். நரம்பு சுற்றும் ரீலை மாட்டி, நரம்பை ராடின் வளையங்கள் வழியாகக் கோத்து, ஒருவரை மெதுவாக இழுக்கச் சொல்லி வளைவைப் பாருங்கள். வளையங்களுக்குள் பஞ்சுக் குச்சியைச் சுழற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம், அது நரம்பை அறுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடை ஒட்டிய ஸ்டிக்கர் எதையாவது மறைத்தால் பணம் கொடுப்பதற்குள் அதை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் ராடை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.