சிதறிய மைல்களை ஒன்றுசேர்த்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள்: ஓர் எச்சரிக்கை

பல விமான நிறுவனங்களின் வாடிக்கையாளர் வெகுமதித் திட்டங்களில் சிறிது சிறிதாகச் சேர்ந்து கிடக்கும் மைல்களை, அதாவது பயணத்துக்கும் செலவுக்கும் ஈடாகக் கிடைக்கும் புள்ளிகளை, ஒரே இடத்தில் திரட்டி, அவற்றைக் கொண்டு பிசினஸ் வகுப்பு டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் சேவை ஒன்றிடம் நானும் என் கணவரும் பணத்தையும், அதைவிட அதிக மதிப்புள்ள மைல்களையும் இழந்திருக்கிறோம். புகார் விசாரணையில் இருப்பதால் அந்தச் சேவையின் பெயரையோ, எங்கள் கணக்குகள் இருந்த விமான நிறுவனங்களின் பெயர்களையோ இங்கே எழுதவில்லை. பெயரைவிட இந்த வேலை உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்பதே தெரிய வேண்டியது; ஏனென்றால் இதே முறையில், கிட்டத்தட்ட இதே வாசகங்களுடன், வேறு வேறு பெயர்களில் விளம்பரங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.

எங்களிடம் நான்கு திட்டங்களில் மைல்கள் இருந்தன. அலுவலகப் பயணங்களால் சேர்ந்தது ஒன்று, கிரெடிட் கார்டு செலவால் வளர்ந்தது இன்னொன்று, எப்போதோ போன பயணங்களின் மிச்சமாக மற்ற இரண்டு. எந்த ஒன்றை எடுத்தாலும் இரண்டு பேருக்குப் போதாது. நான்கையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். அந்தக் கூட்டுத்தொகையைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். தொலைபேசியில் பேசியவர் மிகவும் மரியாதையாகவே பேசினார்: “மேடம், நாலு கணக்குல இருக்கறதும் எங்க சிஸ்டத்துல ஒரே பூலா வந்துடும். நீங்க தேதியை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.” கட்டணத்தில் பாதி முன்பணம், மீதி டிக்கெட் கைக்கு வந்தபின் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

அந்த வாக்கியத்தில் இருந்த ‘பூல்’, அதாவது எல்லா மைலும் ஒன்றாகச் சேரும் பொதுத் தொகுப்பு, நடைமுறையில் இல்லாத ஒன்று. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கி, யுனைடெட் அதே ஆண்டில் பின்தொடர்ந்த காலத்திலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு திட்டத்தின் மைலும் பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் தனி நாணயம்தான். 1997-இல் ஸ்டார் அலையன்ஸும், 1999-இல் ஒன்வேர்ல்டும், 2000-இல் ஸ்கைடீமும் என விமான நிறுவனங்களின் கூட்டணிகள் உருவானபின், கூட்டணிக்குள் இருக்கும் நிறுவனங்களின் மைல்கள் தங்களுக்குள் கலந்துகொள்ளும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கூட்டணி தருவது வேறு வசதி: யுனைடெட் திட்டத்தில் உள்ள மைலைக் கொடுத்து லுஃப்தான்சா விமானத்தில் இருக்கை வாங்கலாம், ஆனால் யுனைடெட் மைலை லுஃப்தான்சாவின் திட்டத்துக்கு மாற்ற முடியாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் வாடிக்கையாளருக்குப் புரியாமல் இருக்கும்வரைதான் இந்தத் தொழில் ஓடும். மைல்கள் சேராது என்னும்போது, சேர்த்துத் தருகிறேன் என்பவர் உண்மையில் செய்யக்கூடியது ஒன்றுதான்: உங்கள் கணக்கில் உள்ளதை முகம் தெரியாதவர்களுக்கு விற்றுவிட்டு, வேறு யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து உங்களுக்கு டிக்கெட் எடுப்பது. எங்களுக்கு நடந்ததும் அதுவே.

முதலில் நான்கு கணக்குகளின் உறுப்பினர் எண்களையும் கடவுச்சொற்களையும் கேட்டார்கள். ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது. பிறகு அவ்வப்போது தொலைபேசியில் அழைத்து, வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘சரிபார்ப்பு’ என்றே காரணம் சொன்னார்கள். பின்னால் பார்த்தபோது, அந்த எண்களில் ஒன்று கணக்கில் பதிவாகியிருந்த மின்னஞ்சல் முகவரியை மாற்றுவதற்கானது. இன்னொன்று எங்கள் மைலில் பயணம் செய்யத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில் புதிய பெயரைச் சேர்ப்பதற்கானது. சில திட்டங்களில் கணக்குக்காரர் தவிர யாருக்கு மைலைச் செலவிடலாம் என்பதற்கு வரையறை உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேரை மட்டுமே அப்படி நியமிக்கலாம். அந்தப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏறியிருந்தால், மைல் விற்கப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் என்று முதலில் வந்த பிடிஎஃப் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. ஆறு எழுத்து பிஎன்ஆர் இருந்தது. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் அதை இட்டால் எங்கள் பெயர்களும் இருக்கை எண்களும் தெரிந்தன. ஆனால் இருக்கை உறுதியாகியிருப்பதும் டிக்கெட் வெளியிடப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. பிஎன்ஆர் வெறும் முன்பதிவு. பதின்மூன்று இலக்க டிக்கெட் எண் வந்தால்தான் அது டிக்கெட். அந்த எண் இல்லையே என்று கேட்டபிறகு சில நாள் இழுத்தடித்து அதையும் அனுப்பினார்கள், மீதிப் பணத்தையும் உடனே வாங்கிக்கொண்டார்கள்.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடியை வெளியிலிருந்து கண்டுபிடிக்கக் கூடிய ஒரே தடயம் இதில்தான் இருக்கிறது. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள், அதை எந்த நிறுவனம் வெளியிட்டது என்பதைக் காட்டும். 001 என்றால் அமெரிக்கன், 016 யுனைடெட், 098 ஏர் இந்தியா, 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 157 கத்தார், 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். மைலில் எடுக்கும் டிக்கெட்டை, எந்த நிறுவனத்தின் விமானத்தில் பறந்தாலும், பொதுவாக மைலைக் கழித்துக்கொண்ட திட்டத்தின் நிறுவனமே வெளியிடும். எங்கள் டிக்கெட் எண்களின் முதல் மூன்று இலக்கங்கள், எங்களுக்குக் கணக்கே இல்லாத ஒரு நிறுவனத்துக்குரியவை. அதாவது எங்கள் மைலில் ஒன்றுகூட அந்த டிக்கெட்டுக்குள் போகவில்லை.

பயணத்துக்கு முந்தைய வாரம் அந்த பிஎன்ஆர் இணையதளத்திலிருந்து மறைந்தது. நாங்கள் பறக்கவிருந்த நிறுவனத்தை அழைத்தால், டிக்கெட்டைத் தாங்கள் வெளியிடவில்லை, வெளியிட்ட நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். அந்த நிறுவனத்தை அழைத்தால், மைல் கொடுத்த கணக்கு பாதுகாப்புக் காரணங்களுக்காக முடக்கப்பட்டிருக்கிறது, மேற்கொண்டு கணக்குக்காரரிடம் மட்டுமே பேசுவோம் என்றார்கள். அந்தக் கணக்குக்காரர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. மைலை அவர் விற்றிருக்கலாம், அவருக்கே தெரியாமல் திருடப்பட்டிருக்கவும் கூடும். மைல் டிக்கெட் பயணியின் பெயரில் இருந்தாலும் அதன் பிடி கணக்குக்காரர் கையில்தான் இருக்கிறது. அவர் ரத்து செய்தால் மைல் அவர் கணக்குக்கே திரும்பிப் போகும். இடைத்தரகருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு: ஒரே மைலை ஒருவருக்குக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, ரத்து செய்து, அடுத்தவருக்கும் விற்கலாம். எங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

எங்கள் கணக்குகளின் கதை தனி. முதல் கணக்கிலிருந்து முன்பின் தெரியாத இருவருக்கு டிக்கெட் எடுக்கப்பட்டு, அவர்கள் பயணத்தையும் முடித்துவிட்டார்கள். இரண்டாவதில் இருந்தது, கட்டணம் கட்டி இன்னொரு உறுப்பினருக்கு மாற்றப்பட்டிருந்தது. மூன்றாவதை அந்நிறுவனமே சந்தேகத்தின் பேரில் முடக்கியது. நான்காவது மட்டும் தப்பியது. அதில் இருந்தது குறைவு என்பதால் விட்டுவிட்டார்கள் போலும். சேவையிடம் கேட்டபோது, ‘ஏர்லைன் பாலிசி மாறிவிட்டது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. சேவைக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைத் திருப்பினார்கள். மைலுக்கு அவர்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம்.

விமான நிறுவனங்களிடம் அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மைலை விற்பதும் வாங்குவதும் பண்டமாற்று செய்வதும் கூடாது, மீறினால் கணக்கை மூடி டிக்கெட்டை ரத்து செய்யலாம் என்பது ஏறத்தாழ எல்லாத் திட்டங்களின் விதிகளிலும் உள்ளது. ஏமாற்றப்பட்டவரும் விற்றவரும் அவர்கள் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். சட்டமும் பெரிய துணையில்லை. அமெரிக்காவில், தன் உறுப்பினர் தகுதியைப் பறித்த நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மீது கின்ஸ்பெர்க் என்ற ரபி (யூத மதகுரு) தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தில் எழுதப்படாத நன்னம்பிக்கைக் கடமையை ஆதாரமாகக் கொண்ட அவருடைய கோரிக்கையை, 1978-ஆம் ஆண்டின் விமானத்துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் தடுக்கிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் எழுதிவைத்த விதியை நிறுவனமே மீறினால் ஒப்பந்த மீறல் என்று வழக்காட இடமுண்டு. விதியை மீறியதாகக் குற்றம் சாட்டப்படுபவர் நாமாக இருக்கையில் அதனால் என்ன பயன்?

எனக்கு இன்னும் ஆறாத விஷயம், அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு செய்வதாகச் சொன்னதில் கணிசமான பகுதியை யாரும் தாங்களாகவே, விதிக்கு உட்பட்டு, இலவசமாகச் செய்துகொள்ள முடியும் என்பதுதான். பல திட்டங்களில் ஒருவழிப் பயணத்துக்குத் தனியாக மைல் டிக்கெட் எடுக்கலாம். எனவே போவதற்கு ஒரு திட்டத்தின் மைலையும் திரும்புவதற்கு இன்னொன்றையும் பயன்படுத்தலாம். கணவருக்கு ஒரு திட்டத்திலிருந்தும் மனைவிக்கு மற்றொன்றிலிருந்தும், ஒரே விமானத்தில் கூட்டாளி நிறுவனங்களின் மைலுக்குத் தரப்படும் இருக்கைகள் காலியாக இருந்தால், எடுக்கலாம். மைல்களைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பயணத்தைப் பிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

உண்மையாகவே சேர்க்கக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு: ஏவியோஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், 2022 முதல் கத்தார், 2024 முதல் ஃபின்ஏர் ஆகியவை இதே புள்ளியைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே பெயர் விவரங்களுடன் உள்ள கணக்குகளை இணைத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நகர்த்தலாம். இதை ஒருவர் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறார் என்றால், உங்கள் வீட்டுக் கதவை உங்களுக்கே திறந்துவிட்டுக் கூலி கேட்பது போலத்தான்.

குறைவாக இருக்கும் கணக்கை மேலே உயர்த்த வேண்டுமானால் வங்கிக் கார்டுகளின் புள்ளிகள் உதவும். ஆனால் ஒருமுறை விமானத் திட்டத்துக்குப் போன புள்ளி வங்கிக்குத் திரும்பாது. ஆகையால் இருக்கை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் மாற்ற வேண்டும். ஹோட்டல் புள்ளிகளும் மாறும், விகிதம்தான் வலிக்கும்: மேரியட் பான்வாயில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்று புள்ளிக்கு ஒரு மைல். வரியையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் மறந்துவிடக் கூடாது. ஒரே இருக்கைக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் திட்டத்தில் பெருந்தொகை கூடுதல் கட்டணமாக வரலாம். யுனைடெட் தன் மைல் டிக்கெட்டுகளில் அந்தக் கட்டணத்தைச் சுமத்துவதில்லை.

இந்தச் சேவைகள் அவசரப்படுத்தக் கையாளும் ஆயுதம் காலாவதித் தேதி. எங்களுக்கும் ‘இந்த மாதம் போனால் எல்லாம் போய்விடும்’ என்றே சொன்னார்கள். அது எல்லாத் திட்டங்களுக்கும் ஒன்றல்ல. டெல்டாவில் மைல் காலாவதியாவதில்லை. யுனைடெட்டும் 2019-இல் காலாவதியை நீக்கிவிட்டது. அமெரிக்கன் திட்டத்தில் 24 மாதங்கள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால்தான் போகும், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸில் 36 மாதங்கள். இடையில் ஒரு சிறு வரவோ செலவோ இருந்தால் கெடு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும். கிரிஸ்ஃபிளையரிலோ செயல்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்ந்த மைலுக்கு மூன்று ஆண்டுகளே ஆயுள். இருப்பதில் எது முதலில் சாகும் என்று பார்த்து அதை முதலில் செலவிட்டால் போதும், அவசரத்துக்கு இடமிருக்காது.

ஏற்கெனவே இத்தகைய சேவையிடம் விவரங்களைக் கொடுத்துவிட்டவர்கள், கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கணக்கில் பதிவாகியுள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். நியமனப் பட்டியலையும் குடும்பக் கணக்கு இணைப்புகளையும் திறந்து பாருங்கள். உங்கள் மின்னஞ்சலில் விமான நிறுவனத்தின் கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் வராமல் போனதற்கு அதுதான் காரணம். கையில் டிக்கெட் எண் இருந்தால் முதல் மூன்று இலக்கங்களை உங்கள் திட்டங்களோடு ஒப்பிட்டுவிட்டு, பொருந்தாவிட்டால் பயண நாள்வரை காத்திராமல் வேறு டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மைலை மீட்டுக் கேட்கும்போது, கணக்கில் வேறு சாதனத்திலிருந்து நுழைந்த நேரங்களையும் தெரியாத பயணிகளின் முன்பதிவுகளையும் தேதிவாரியாக எழுத்தில் கொடுப்பது நல்லது. தொலைபேசியில் பேசியதற்கு எங்கும் மதிப்பில்லை.

அப்படி எழுதிக் கொடுத்ததில், கட்டணம் கட்டி மாற்றப்பட்ட மைல்கள் இரண்டாவது கணக்குக்குத் திரும்பிவிட்டன. பயணம் முடிந்துபோன டிக்கெட்டுகளுக்கான மைல் வராது என்று முதல் நிறுவனம் கையை விரித்துவிட்டது. மூன்றாவது கணக்கு இன்னும் முடக்கத்தில் இருக்கிறது. அடையாளச் சான்றும் ஒப்பந்த நகலும் கேட்டிருக்கிறார்கள், அனுப்பியிருக்கிறோம்.